சொல்லை எங்கே வெட்டுவது?

டச்சு மொழியில் 'டைக்ரம்ப்' என்று ஒரு கூட்டுச்சொல்லை எழுத முடியும். டைக் என்றால் கடலையோ ஆற்றையோ தடுத்து நிற்கும் கரை. ரம்ப் என்றால் பேரழிவு. இரண்டும் சேர்ந்தால் கரை உடைந்து ஊருக்குள் தண்ணீர் புகுந்த கதை. அதையே ஓர் எழுத்து முன்னதாகப் பிரித்துப் பார்த்தால் டை என்பது தொடை, க்ரம்ப் என்பது தசைப்பிடிப்பு. ஊர் முழுகிய செய்தி, யாரோ ஒரு கால்பந்தாட்டக்காரருக்குத் தொடை பிடித்துக்கொண்ட செய்தியாகிவிடும்.

1953 ஜனவரி 31 இரவில் வட கடல் பொங்கியது. விடிவதற்குள் சீலாந்து, தென் ஹாலந்து, வட பிரபாந்து மாகாணங்களில் கரைகள் உடைந்தன. 1,836 பேர் இறந்தார்கள். அப்படிப்பட்ட நாட்டில் இந்த இரண்டு பொருளையும் குழப்பிக்கொள்ள யாருக்கும் மனம் வராது. அந்த வெள்ளத்துக்கு மக்கள் சொல்லும் பெயர் 'வாட்டர்ஸ்நோட்ரம்ப்'. நீர், இடுக்கண், பேரழிவு என்ற மூன்று சொற்கள், முதல் இரண்டுக்கும் இடையில் செருகிய ஒரு 'ஸ்' ஒலி, எங்கும் இடைவெளி இல்லை. டச்சு எழுத்தின் பழக்கமே இதுதான். பேச்சில் ஒன்றாக ஒலிப்பது தாளிலும் ஒன்றாகவே நிற்க வேண்டும். இப்படி ஒட்டிய சொல்லின் மூட்டு எங்கே இருக்கிறது என்பதைத் தாளில் காட்ட ஓர் இடம்தான் உண்டு: வரி முடியும் இடம். அங்கே சொல்லை வெட்டி, இணைப்புக்கோடு போட்டு, மிச்சத்தை அடுத்த வரிக்குத் தள்ளியாக வேண்டும். எங்கே வெட்டுவது என்பதை நாலரை நூற்றாண்டுகளாக யாராவது ஒருவர் தீர்மானித்து வந்திருக்கிறார். முதலில் கம்பாசிட்டர், பிறகு இலக்கணப் பேராசிரியர், பிறகு கணினி.

பேச்சில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் எழுவதில்லை. டச்சுக் கூட்டுப்பெயரில் முதன்மை அழுத்தம் முதல் உறுப்பின் மேல் விழும்; இரண்டாம் உறுப்புக்கு அதைவிடச் சற்றுத் தணிந்த அழுத்தம். 'பொம்மெல்டிங்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம். வெடிகுண்டு இருப்பதாக வரும் தகவல் என்று பொருள் கொண்டால் அது பொம் + மெல்டிங். 'பொம்' மேல் பெரிய அழுத்தம், 'மெல்' மேல் சிறியது. ஆனால் மார்டன் டோண்டரின் படக்கதைகளில் வரும் பொம்மெல் என்ற குண்டுக் கரடியை அறியாத டச்சுக்காரர் கிடையாது. அந்தக் கரடி சம்பந்தப்பட்ட ஏதோ ஒரு பொருள் என்றால் பொம்மெல் + டிங். சின்ன அழுத்தம் 'டிங்' மேல் போய் விழும். அசைகள் மூன்றும் மாறவே இல்லை. அழுத்தம் ஓர் அசை நகர்ந்ததும் காவல்துறை வேண்டாத ஆளாகிவிடுகிறது.

இன்னும் சுவையானது 'மஸாஷெபெட்'. மசாஜ் செய்துகொள்ளும் கட்டில். இதன் எழுத்துகளை மஸா + கெபெட் என்று பிரித்தால் கூட்டுப் பிரார்த்தனை. அழுத்தம் இரண்டாம் அசையிலிருந்து முதலசைக்குத் தாவுகிறது. நடுவில் உள்ள எழுத்து 'ஷ' ஒலியை விட்டுக் 'க' ஒலிக்கு மாறுகிறது. காதுக்கு இவை இரண்டு வெவ்வேறு சொற்கள், கண்ணுக்கு ஒன்றே. நன்னூல் பொதுமொழி என்று ஒதுக்கி வைக்கும் வகையை நினைவூட்டுபவை இவை. டச்சில் இத்தகைய சொற்களை விளையாட்டாகச் சேகரிப்பவர்கள் ஏராளம்.

அழுத்த விதிக்கு மீறல்களும் உண்டு, அவை வரலாற்றின் வடுக்கள். நகர மன்றக் கட்டடத்துக்குப் பெயர் ஸ்டாட்ஹௌஸ். ஸ்டாட் நகரம், ஹௌஸ் வீடு. விதிப்படி அழுத்தம் 'ஸ்டாட்' மேல் விழ வேண்டும், விழுவதோ 'ஹௌஸ்' மேல். அதே நகரத்தின் தலைவரான புர்கெமேஸ்டருக்கும் அழுத்தம் 'மேஸ்டர்' மேல்தான். குளிர்காலத்தில் உருளைக்கிழங்கோடு சேர்த்து மசிக்கும் பூரென்கோல் என்ற கீரைக்கு, 'கோல்' மேல். ஊர்ப்பெயர்களில் இது இன்னும் வெளிப்படை. ஆம்ஸ்டல் ஆற்றின் குறுக்கே கட்டிய அணையால் பெயர் பெற்றது ஆம்ஸ்டர்டாம். 1275இல் ஐந்தாம் ஃப்ளோரிஸ் கோமகன் வழங்கிய சுங்கவரி விலக்குப் பத்திரத்தில்தான் அந்தப் பெயர் முதன்முதலாக எழுத்தில் வருகிறது. அங்கும், ராட்டர்டாம், ஸ்கீடாம், ஃபோலெண்டாம் என்று அந்த வரிசையில் வரும் மற்ற ஊர்களிலும், அழுத்தம் கடைசியில் நிற்கும் அணையின் மேலேயே. 1655இல் ஆம்ஸ்டர்டாம் தன் பிரம்மாண்டமான ஸ்டாட்ஹௌஸைத் திறந்தது. யாகோப் ஃபன் காம்பன் வடிவமைத்த அந்தக் கட்டடம் இன்று அரண்மனை. 1808இல் நெப்போலியனின் தம்பி லூயி மன்னராக வந்து அதில் குடியேறியதும் நகர மன்றம் வேறிடம் தேட வேண்டியதாயிற்று.

கடல் கடந்து போன கூட்டுச்சொற்களுக்கு மூட்டே மறைந்துபோனது. 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்த டச்சுக் கம்பெனி ஏறத்தாழ 140 ஆண்டுகள் இலங்கைக் கரையோரத்தை ஆண்டது. அவர்கள் விட்டுப்போன சொற்களில் ஒன்று கக்ஹௌஸ்: மலம் + வீடு. தமிழ் நாக்கு 'ஹ'வை விழுங்கி, ஒற்றை இரட்டித்து, அதைக் கக்கூஸ் ஆக்கிக்கொண்டது. அதற்குள் ஒரு வீடு இருப்பது இன்று பேசுவோருக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

அச்சுக்கூடத்துக்கு வருவோம். டச்சு எழுத்துமுறை பற்றிய முதல் நூலை எழுதியவர் புலவர் அல்லர், ஓர் அச்சுக்காரர். கென்ட் நகரத்து யோஸ் லாம்பிரெக்ட் 1550இல் அதை வெளியிட்டார். இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. கையால் எழுதுகிறவர் வரி முடிவில் எழுத்தை நெருக்கலாம், சுருக்கக்குறி போடலாம், ஓரத்துக்கு வெளியே நீட்டலாம். ஈய எழுத்துக்கு அந்தச் சலுகை இல்லை. எழுத்துக் கோக்கும் ஸ்டிக்கின் அகலம் அகலம்தான். வரியை இறுக்கிப் பூட்டாவிட்டால் எழுத்துகள் சிதறிவிடும். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரு முடிவு எடுக்க வேண்டும், நாளெல்லாம் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்த முடிவுகளைச் சரிபார்க்கும் வேலை மெய்ப்பு பார்ப்பவருடையது. அவர்களில் ஒருவரை டச்சு அகராதியியல் மறக்காது. ஆண்ட்வெர்ப்பில் கிறிஸ்டோஃபல் பிளாண்டின் நடத்திய அச்சகம் அந்தக் கால ஐரோப்பாவின் மிகப் பெரிய அச்சகங்களில் ஒன்று. 1558இல் கோர்னேலிஸ் கிலியான் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். அச்சுக் கோத்தார், பிறகு மெய்ப்பு பார்த்தார், 1607இல் இறக்கும்வரை அந்த நிறுவனத்தை விட்டு நகரவில்லை. பகலில் லத்தீன், கிரேக்க நூல்களின் பிழைகளைத் திருத்தியவர் கூடவே தன் தாய்மொழிச் சொற்களைத் திரட்டிக்கொண்டிருந்தார். 1574இல் அகராதி வந்தது. 1599இல் வந்த மூன்றாம் பதிப்பு சொற்களின் பிறப்பையும் ஆராய்ந்தது. நாள் முழுதும் சொற்களை எங்கே வெட்டுவது என்று பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அவை எங்கே ஒட்டின என்ற ஆவல் வந்தது இயல்பே. பிளாண்டின் அச்சகம் இன்று அருங்காட்சியகம். மெய்ப்பு பார்ப்பவர்களின் அறையும் அதில் அப்படியே இருக்கிறது.

அதே காலத்தில் கூட்டுச்சொல்லைத் தன் மொழியின் கொடியாகவே உயர்த்திப் பிடித்தார் சைமன் ஸ்டெவின் என்ற பொறியாளர். எடைகளின் சமநிலை பற்றிய தன் நூலை 1586இல் லத்தீனை விட்டு டச்சில் எழுதினார். நூலின் முன்னுரையாக மொழியின் பெருமையைப் பற்றி ஒரு தனிக் கட்டுரை. ஓரசை வினைகள் டச்சில் எழுநூறுக்கும் மேல், லத்தீனில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே என்று பட்டியல் போட்டுக் காட்டினார். அசை குறைந்தால் ஒட்டுவது எளிது, ஒட்ட முடிந்தால் எந்த அறிவியலையும் சொந்தச் சொல்லில் பேசலாம் என்பது வாதம். கணிதத்துக்கு டச்சில் இன்றும் அவர் வழங்கிய சொல்லின் வழிவந்த 'விஸ்குண்டெ'தான், உறுதியானவற்றின் அறிவு. சுற்றிலும் உள்ள நாடுகள் கிரேக்கச் சொல்லோடு நின்றபோது டச்சு மட்டும் தனிவழி போனது.

ஆனால் ஒட்டிய சொல்லை எப்படி எழுதுவது என்பதில் பதினேழாம் நூற்றாண்டுக்கு ஒழுங்கு கிடையாது. ஒரே நூலில் ஒரே சொல் ஓரிடத்தில் சேர்ந்தும், ஓரிடத்தில் பிரிந்தும், ஓரிடத்தில் கோடு போட்டும் கிடக்கும். கம்பாசிட்டருக்கு வரி நிரம்பினால் சரி. பிரெஞ்சுப் புரட்சியின் அலையில் பத்தாவியக் குடியரசு பிறந்த பிறகே அரசாங்கம் எழுத்துமுறைக்குள் காலெடுத்து வைத்தது. லைடன் பேராசிரியர் மத்தியாஸ் சீகென்பேக் 1804இல் வகுத்த விதிகள் முதல் அதிகாரபூர்வ எழுத்துமுறை ஆயின. அவரை ஒப்புக்கொள்ளாத கவிஞர் பில்டர்டைக் தனக்கென்று ஒரு முறையை வைத்துக்கொண்டார். எழுத்துமுறைச் சண்டை என்ற டச்சுத் தேசியப் பொழுதுபோக்கை அந்த இருவரின் கணக்கில் எழுதிவிடலாம்.

அடுத்த பெரிய அடி ஓர் அகராதிக்காக விழுந்தது. 1851இல் திட்டமிடப்பட்ட பெருஞ்சொல்லகராதிக்கு முதலில் சீரான எழுத்து வேண்டும் என்று மத்தியாஸ் டெ ஃப்ரீஸும் லாமர்ட் டெ விங்கலும் விதிகளை எழுதினார்கள். பெல்ஜியம் 1864இலேயே ஏற்றது; நெதர்லாந்து அரசு 1883 வரை இழுத்தடித்தது. அகராதி நிறைவு பெற்றது 1998இல். விதி எழுதியவர்களின் பேரப்பிள்ளைகளும் போய்ச் சேர்ந்த பிறகு.

இந்த விதிகளில் அசைப் பிரிப்பு ஓரத்துச் சங்கதி அல்ல, அஸ்திவாரம். 'மான்' என்றால் நிலவு. நெட்டுயிரைக் காட்ட 'அ' இரண்டு முறை எழுத வேண்டும். பன்மையில் அசை திறந்துவிடுவதால் ஒன்று போதும். 'மன்' என்றால் ஆள். அதன் பன்மையில் அசையை மூட மெய்யெழுத்தை இரட்டிக்க வேண்டும். அசை எங்கே முடிகிறது என்று தெரியாதவருக்கு டச்சில் ஒரு வரிகூடப் பிழையில்லாமல் எழுத வராது. தனிச்சொல்லில் அசையை ஒலி தீர்மானிக்கும், கூட்டுச்சொல்லில் பொருள் தீர்மானிக்கும். மண் ஆப்பிள் எனப்படும் உருளைக்கிழங்கு ஆர்ட்-அப்பெல் என்றே பிரியும். ஒலியை மட்டும் கேட்டால் ஆர்-டப்பெல் என்று வெட்டத் தோன்றும். அப்படி எழுதினால் பள்ளிக்கூடத்தில் சிவப்பு மை.

இயந்திரம் இடறியதும் இங்கேதான்.

1960களில் ஆம்ஸ்டர்டாமின் கணித மையத்தில் ஹியூகோ பிராண்ட் கோர்ஸ்டியஸ் என்ற இளைஞர் டச்சுச் சொற்களை அசை பிரிக்கும் நிரல் ஒன்றை எழுதினார். கணிதம் படித்தவர், 1970இல் கணினி மொழியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். பல புனைபெயர்களில் எழுதிக் குவித்த குறும்பர். பாட்டஸ் என்ற பெயரில் 1981இல் அவர் வெளியிட்ட நூல் டச்சுச் சொல் விளையாட்டுகளின் களஞ்சியம். அவருக்கு பி.சி. ஹோஃப்ட் இலக்கியப் பரிசு தர நடுவர்கள் பரிந்துரைத்தபோது, புண்படுத்தும் எழுத்து என்று சொல்லி அமைச்சர் பிரிங்க்மன் மறுத்தது தனிப் புயல். 1987இல் அதே பரிசு அவரைத் தேடி வந்தது. என்ன செய்தாலும் பொருள் என்ற ஒன்று நடுவில் புகுந்து காரியத்தைக் கெடுத்துவிடும் என்பதே கணினி மொழியியலின் முதல் விதி என்று அவர் சொன்னதாகத் துறையினர் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். அசை பிரித்துப் பார்த்தவருக்கு அதைச் சொல்லும் உரிமை உண்டு.

கணினிக்குக் கற்றுத் தரக்கூடிய விதி எளியது: இரண்டு உயிர்களுக்கு நடுவே மெய்கள் வந்தால், டச்சுச் சொல்லின் தொடக்கத்தில் நிற்கத் தகுந்த அத்தனை மெய்களையும் பின்னசைக்குக் கொடு. தனிச்சொல்லில் இது பெரும்பாலும் பலிக்கும். கூட்டுச்சொல்லில், 'க்ர' சொல்முதலில் வரும் என்பதால் கரை உடைந்த செய்தியைத் தொடைப்பிடிப்பாக வெட்டிவிடும். 'க்வார்ட்ஸ்லாகன்' என்பது க்வார்ட்-ஸ்லாகன் என்று பிரிந்தால் கால்வட்டத் திருப்பங்கள். க்வார்ட்ஸ்-லாகன் என்றால் படிகக்கல் அடுக்குகள். புவியியல் கட்டுரையா, பூட்டுச் சாவி பற்றியதா என்று கம்பாசிட்டர் முந்தைய வரியைப் படித்துத் தெரிந்துகொண்டார். நிரல் முந்தைய வரியைப் படிக்காது. போதாக்குறைக்கு, வெட்டும்போது எழுத்தே மறையும் சொற்களும் உண்டு. சின்னக் காரைக் குறிக்கும் 'ஔடோட்யெ'யில் 'ஓ' இரண்டு எழுத்து. வரி முடிவில் வெட்டினால் அசை திறந்துவிடுவதால் ஒன்று போய்விட வேண்டும்.

1970களிலும் 80களிலும் செய்தித்தாள்கள் ஈயத்தைக் கைவிட்டுக் கணினிக் கோப்புக்கு மாறின. குறுகிய பத்திகளில் நீளமான சொற்கள், மேற்பார்க்க ஆள் குறைவு. ஒரு காலத்தில் தொழிலாளி வெட்கப்பட்டிருக்கக்கூடிய வெட்டுகள் தினமும் வாசலில் வந்து விழுந்தன. 1983இல் ஸ்டான்ஃபோர்டில் ஃபிராங்க் லியாங் கண்டுபிடித்த முறை நிலைமையை மாற்றியது. விதி எழுதுவதற்குப் பதிலாக, சரியாகப் பிரித்த பெரிய சொற்பட்டியலைக் கணினியிடம் கொடுத்து எழுத்து வடிவங்களை அதையே தேடிக்கொள்ளச் செய்வது. 1990களில் டச்சுக்கும் அப்படிப்பட்ட வடிவத் தொகுப்பு உருவானது. கிலியானின் வேலை மறுபடியும் தொடங்கிய இடத்துக்கே வந்து நின்றது என்று சொல்லலாம்: யாரோ மனிதர் முதலில் பட்டியலை உட்கார்ந்து பிரித்தாக வேண்டும். அந்தப் பட்டியலும் முடிவதில்லை, ஏனென்றால் டச்சுக்காரர் தேநீர் குடிக்கும் நேரத்தில் புதிதாய் ஒரு கூட்டுச்சொல் செய்துவிடுவார்.

இதற்கு நேர் எதிரான நோயும் பரவியது. ஆங்கிலத்தைப் பார்த்துக் கூட்டுச்சொல்லைப் பிரித்து எழுதுவது. கடைப் பலகைகளிலும் விளம்பரங்களிலும் பெருகிய இதற்கு 'ஆங்கில நோய்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 'லாங்கெஆஃப்ஸ்டாண்ட்ஸ்லோப்பர்' என்று சேர்த்து எழுதினால் நெடுந்தொலைவு ஓடுகிறவர். 'லாங்கெ'யை மட்டும் தள்ளி வைத்தால் உயரமான தொலைவு ஓட்டக்காரர். ஆள் குள்ளமாக இருந்தால் வழக்கே போடலாம்.

ஆனால் டச்சுக்காரர்களை உண்மையிலேயே இரண்டாகப் பிளந்தது மூட்டில் வரும் ஒரு 'ன்'. பேச்சில் பெரும்பாலோர் அதை ஒலிப்பதுகூட இல்லை. நெதர்லாந்தும் பெல்ஜியமும் சேர்ந்து 1954இல் வெளியிட்ட சொற்பட்டியல், அட்டை நிறத்தால் பச்சைப் புத்தகம் எனப்பட்டது. அதன் விதிப்படி முதல் உறுப்பு பன்மையாகவே இருந்தாக வேண்டும் என்றால்தான் 'ன்'. புத்தக அலமாரிக்குப் புத்தகங்கள் பல வேண்டும், எனவே உண்டு. 'பன்னெகூக்' என்ற அப்பத்தைச் சுட ஒரு சட்டி போதும், எனவே இல்லை. சமையலறைத் தத்துவ விசாரணை என்று கேலி செய்யலாம். மனிதருக்குப் புரிந்த விதி என்பதையும் மறுக்க முடியாது. 1995இல் விதியைத் திருப்பினார்கள். முதற்சொல்லின் பன்மை 'என்' என்று மட்டும் முடிந்தால், சட்டி ஒன்றானாலும் பத்தானாலும் 'ன்' போடு. பன்னெகூக் ஒரே இரவில் பன்னென்கூக் ஆனது. கூடவே ஒரு விதிவிலக்கு: முன்னால் விலங்கும் பின்னால் செடியும் வந்தால் 'ன்' வேண்டாம். குதிரைப்பூ என்று பெயர் கொண்ட சீமைக் காட்டுமுள்ளங்கி இப்படிப் 'பார்டெப்லூம்' ஆகவே பிழைத்தது. பத்தே ஆண்டுகளில், 2005இல், அந்த விதிவிலக்கும் நீங்கி அதற்கும் 'ன்' ஒட்டிக்கொண்டது.

பொறுமை அங்கே தீர்ந்தது. பெரிய நாளேடுகள் சிலவும் பொது ஒலிபரப்பு நிறுவனமும் புதிய முறையைப் புறக்கணிப்பதாக அறிவித்தன. 1931 முதல் இயங்கும் 'ஓன்ஸெ டால்' மொழிக் கழகம் 2006இல் பச்சைக்குப் போட்டியாக வெள்ளைப் புத்தகம் கொண்டுவந்தது. 'ன்' போடுவதை எழுதுகிறவர் விருப்பத்துக்கு விட்டது. சட்டம் அரசு அலுவலகங்களையும் கல்விக்கூடங்களையும் மட்டுமே கட்டுப்படுத்துவதால், பிள்ளை பள்ளியில் ஒருவிதமாகவும் அப்பா செய்தித்தாளில் வேறுவிதமாகவும் அப்பத்தைப் படித்தார்கள்.

இத்தனை மாற்றத்திலும் 'ன்' அண்டாத சொற்கள் சில நின்றன. உலகத்திலோ அந்தச் சூழலிலோ ஒன்றே உள்ளது முதல் உறுப்பாக வந்தால் 'ன்' கிடையாது: சூரியக் கதிர், நிலவொளி, ராணி. ஏப்ரல் 30 அன்று நாடே ஆரஞ்சு உடுத்திக் கொண்டாடிய ராணி நாள் அதனால் 'கோனிங்கின்னெடாக்'. 2013இல் அதே நாளில் பெயாட்ரிக்ஸ் பதவி விலகினார், மகன் வில்லெம் அலெக்சாந்தர் மன்னரானார். 2014 முதல் விழா ஏப்ரல் 27க்குப் போனது, பெயர் 'கோனிங்ஸ்டாக்'. மூட்டில் இருந்த உயிரொலி போய் 'ஸ்' வந்தது. ஐந்து அசை மூன்றானது. மூன்றாம் அசையில் இருந்த அழுத்தம் முதலசைக்கு வந்து சேர்ந்தது. அடுத்த வாரிசு 2003இல் பிறந்த அமாலியா. அவர் காலத்தில் பழைய பெயர் திரும்பினால், அழுத்தம் மறுபடி மூன்றாம் அசைக்குப் போகும். 'ன்' மட்டும் அப்போதும் உள்ளே வராது.